தட்டாமல் திரும்பிய கதவு

திருவொற்றியூரில் அண்ணன், அண்ணியோடு இரண்டாவது மாடியில் இருக்கிறேன். எங்களுக்கு நேர் கீழ்வீட்டில் ஓர் அக்கா தனியாக இருக்கிறார். மீன் விற்றுப் பிள்ளைகளைக் கரையேற்றியவர்.

எட்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு மனம் பிசகியிருந்த சமயம், அந்த அக்கா தரை வழியாக விஷப்புகை ஏற்றி என்னைக் கொல்லப் பார்க்கிறார் என்று நம்பினேன். ஒரு நாள் காலையில் அவர் கதவை இரண்டு கையாலும் அடித்தேன். படிக்கட்டெல்லாம் ஆள் கூடிவிட்டது. நைட்டியோடு ஆட்டோவில் ஏற்றி என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அதன் பிறகு மாத்திரை ஒரு நாளும் தவறியதில்லை. புடவைக்கு ஃபால்ஸ் தைத்துச் சம்பாதிக்கிறேன். அக்கா பழையபடியே பேசினார். நான்தான் அவர் வாசலைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொள்வேன்.

போன வருடம் ஒரு நாள், பதினொரு மணி இருக்கும். அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போயிருந்தார்கள். தைத்துக்கொண்டிருந்தபோது சிலிண்டர் வாடை வந்தது. எங்கள் அடுப்பைப் பார்த்தேன், மூடித்தான் இருந்தது. இந்தப் பக்கம் கம்பெனிகளின் புகை வாடை எப்போதும் உண்டு. இது அதுவல்ல என்று மூக்குக்குத் தெரிந்தது. மூக்கை நம்பத்தான் துணிவில்லை. மறுபடி ஆரம்பித்துவிட்டதோ என்று பயந்து மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். காலை மாத்திரை போட்டிருந்தேன்.

படியிறங்கி அக்கா வாசல் வரை போனேன். அங்கே வாடை இன்னும் கடுமை. தட்டக் கையைத் தூக்கினேன். அதே கதவு, அதே நான், அதே புகைக்கதை. யார் நம்புவார்கள்? எதிர்வீட்டில் யாரோ தாழ்ப்பாளை நீக்கும் சத்தம் கேட்டதும் மேலே ஓடிவந்து, ஜன்னலைச் சாத்திவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தேன்.

கால்மணி நேரத்தில் கீழே பெரிய சத்தம். அக்கா அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார். வலது கை முழுக்கத் தீக்காயம், முகத்தில் ஒரு பக்கமும். டியூபை எலி கடித்திருந்ததாம். அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய பிறகு, "யாருக்குமே வாடை வரலியா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். எல்லாரோடும் சேர்ந்து நானும் இல்லையென்று தலையாட்டினேன்.

மூன்று வாரம் கழித்து அக்கா வீடு திரும்பியதும் கஞ்சி எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கு ரெண்டு நாளா சளி, மோப்பமே தெரில" என்றார். "நீ தட்டினா தொறந்திருப்பேன்மே."

"பயந்திருப்பீங்களே, அக்கா."

"பயந்துதான் இருப்பேன். பயந்துகினே தொறந்திருப்பேன்." பிறகு, "மேல போயி ஜன்னல வேற சாத்திக்கினியா?" என்று கேட்டார்.

"ஆமா."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கஞ்சியைத் தொடவில்லை.

மறுநாளும் போனேன். கதவைத் திறந்தார். கை தூக்க முடியாததால் சீப்பை என்னிடம் நீட்டினார். தலை வாரிப் பின்னிவிட்டேன். இரண்டு மாதம் தினமும் சமைத்துக் கொடுத்தேன். மெல்ல மெல்லப் பேச்சும் வந்தது.

"அவளுக்கு எவ்ளோ நல்ல மனசு" என்று அண்ணி பக்கத்து வீடுகளிலெல்லாம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறார். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.