புது மீனுக்கு நாலு வாரம்

தென்காசியில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் கைகள் எப்போதும் முழங்கை வரை ஈரமாகவே இருக்கும். மீன் விற்பதில் அவருக்கு அவ்வளவாக விருப்பம் கிடையாது.

"புது மீனத் தனியா வைக்கதுக்கு வேற தொட்டி இருக்கா?" என்று, மீன் வாங்கப் போன என்னிடம் கேட்டார்.

போன தடவை வாங்கிய மீன் கொண்டுவந்த வெள்ளைப்புள்ளி நோயில், ஒன்றைத் தவிர என் மீன்கள் எல்லாம் செத்திருந்தன. இருந்தும், "இருக்கு" என்று பொய் சொன்னேன்.

அவர் நம்பவில்லை. ஸ்கூட்டரில் என் பின்னாலேயே வீட்டுக்கு வந்து, எங்கள் குளியலறை டப்பைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, பில்டர் மாட்டி, புது மீனை அதில் விட்டார்.

"நாலு வாரம் இங்கனதான் கெடக்கணும். சோப்பு நுரை தெறிக்கப்பிடாது."

"அப்ப நாங்க எங்க குளிக்க, அண்ணாச்சி?" என்றாள் என் மனைவி.

"குத்தாலத்துல தண்ணி நல்லா விழுதுல்லா? அங்கன போங்க."

நாலு வாரமும் துண்டோடு பஸ் ஏறிப் போனோம்.

கடைசி நாள் அவரே வந்தார். டப் பக்கத்தில் குத்தவைத்து அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "இவன் சொகமா இருக்கான்" என்றார். பிறகு பெரிய தொட்டியில் தனியாக நீந்திய பழைய மீனிடம் போனார்.

"இவன்மேலதான் எனக்குச் சந்தேகம். செத்தவங்க கூட இருந்தவம்லா."

அதைப் பையில் பிடித்துக் கடைக்குக் கொண்டுபோய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் போய்ப் பார்க்கிறோம். எங்களையும் அதே சந்தேகத்தோடு பார்த்து, கண்ணாடியைத் தொடக் கூடாது என்கிறார். ஏன் என்று கேட்க இருவருக்குமே இன்னும் தைரியம் வரவில்லை.