அண்ணம் கறுக்காத குட்டி

எங்கள் பராகுவே நாட்டுப்புறத்தில் நாய்க்குட்டியை வாயைத் திறந்து பார்த்துத்தான் எடுப்பார்கள். மேலண்ணம் கறுப்பாக இருந்தால்தான் காவலுக்கு ஆகுமாம். யார் சொன்னது என்று கேட்டால் முறைப்பார்கள்.

புருஷன் விட்டுப்போனபின் மகள்களோடு மரவள்ளித் தோட்டத்தில் குடியிருக்கும் எடெல்மிரா, வீட்டுக்கு முதல் நாய் தேடி, நாய்க்குட்டிகள் வைத்திருந்த ஃபெர்மினிடம் போனாள். அவர் ஒவ்வொரு குட்டியின் வாயையும் பிளந்து காட்டினார். கடைசிக் குட்டி அவர் விரலைக் கவ்விக்கொண்டு விடவேயில்லை.

"ச்சீ, சனியனே!" என்று உதறினார். "இது வேண்டாம்மா. அண்ணம் ரோஸா இருக்கு. பொட்டை வேற. காவலுக்கு ஆகாது."

எடெல்மிரா அதையே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நானும் பொட்டைதான் அண்ணே. இத்தனை வருஷமா என் வீட்டுக்கு நான்தான் காவல். என் வாயையும் திறந்து பாக்குறீங்களா?"

ஃபெர்மின் தன் வாயையே திறக்கவில்லை. கடிபட்ட விரல் அதற்குள் இருந்தது.