கொடும்பாவிக்குக் கொடுத்த வைக்கோல்

எங்கள் ஊர் ஆண்களுக்குப் பஞ்சத்தைப் பற்றித் தெரியாதது ஒன்றும் கிடையாது. அறுபதுகளில் மழை பொய்த்தபோது மாரண்டஹள்ளிப் பக்கம் டீக்கடைக்கு டீக்கடை அதே பேச்சுதான். என் வீட்டுக்காரர் அதில் முதல் ஆள். காட்டை வெட்டினால் மேகம் நிற்காது என்பார், ஏரி ஏன் தூர்ந்தது என்பார். வீட்டுக் கூரையில் ஓட்டை என்றால் மட்டும் காது கேட்காது.

ஆபீசர் ஒருவர் ஜீப்பில் வந்து, தீவனத்துக்குத் தட்டுப்பாடு வரும், வைக்கோலை இப்போதே பத்திரப்படுத்துங்கள் என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் தலையாட்டினார்கள். அவர் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து என் வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் விளக்கினார். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள், தூ!

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கறவை மாடு. எனக்குப் பால் வற்றிவிட்டதால் கைக்குழந்தைக்கு அதன் பால்தான். கொல்லையில் இருந்த சின்ன வைக்கோல் போரை மட்டாகப் போட்டால் ஐப்பசி வரை தாங்கும் என்று நினைத்திருந்தேன்.

மறுவாரமே கொடும்பாவி இழுக்க ஊர் முடிவு செய்தது. ஊர்ப் பாவத்தையெல்லாம் ஒரு பொம்மை மேல் ஏற்றி, தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் ஒப்பாரி வைக்க, சுடுகாட்டில் கொளுத்தினால் மழை வருமாம். பொம்மை செய்ய என்ன வேண்டும்? வைக்கோல்! பக்கத்து ஊரில் ஓராள் உயரமாம், எங்களுக்கு இரண்டாள் உயரம் வேண்டுமாம்.

"என்னாங்க, அப்புறம் மாட்டுக்கு என்னத்தப் போடறது?" என்றேன்.

"ஊரு முன்னால மானத்த வாங்காத புள்ள. மழ வந்தா புல்லு தானா மொளைக்கும்" என்று பாதிப் போருக்கு மேல் அவரே உருவிக் கொடுத்தார்.

அவரை மட்டும் சொல்லி என்ன? எனக்கு நல்ல குரல். ஒப்பாரியை எடுத்துக் கொடுத்தது நான்தான். என் மாட்டின் தீனியை இழுத்துக்கொண்டு போகிறார்கள், நான் பின்னாலேயே மாரடித்துக்கொண்டு போகிறேன். நாலு பேர் மெச்சினார்கள் என்று பூரித்தும் போனேன். வெட்கங்கெட்ட ஜென்மம்.

மழை வரவில்லை. புரட்டாசியில் மாடு படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. குழந்தைக்கு ராகிக் கஞ்சித் தண்ணீரைப் புகட்டினேன். துப்பித் துப்பி அழுது, எப்படியோ பிழைத்துக்கொண்டது. ஐப்பசிக் கடைசியில் மழை கொட்டியது.

"பாத்தீங்களா, கொடும்பாவி வேல செஞ்சிருச்சு!" என்று ஊரே குதித்தது. என் வீட்டுக்காரரும் குதித்தார்.

அதற்குப் பிறகு எங்களால் மாடு வாங்க முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்து மறுபடி மழை தவறியது. அதே ஆட்கள் வைக்கோல் கேட்டு வாசலில் வந்து நின்றார்கள். முந்தின அறுப்பில் போட்ட போர் கொல்லையில் தொடாமல் கிடந்தது.

"முழுசும் எடுத்துக்கங்க. திங்கறதுக்குத்தான் எங்க வூட்ல ஆளில்லையே" என்றேன்.

ஒருத்தராவது கூச்சப்பட வேண்டுமே! என் வீட்டுக்காரர்தான் கட்டுக் கட்டி அவர்கள் தலையில் தூக்கிவிட்டார்.