கவ்விக்குள் இருந்த கரிசல்

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, காலை 7.20 மணி
கோவில்பட்டி

சுற்றறிக்கை எண் 42: மறைந்த மைதீன் பாய் குறித்து

நம் வாகனப் பயணக் குழுவின் நண்பர்களுக்கு,

கடந்த புதன்கிழமை, பிப்ரவரி 5, காலை 6.10க்கு நம் குழுவின் சந்திரன் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணாச்சி, நம்ம வெல்டிங் பட்டறை மைதீன் பாய் போயிட்டாவ. நெஞ்சுவலியாம். மத்தியானம் அடக்கம். வாரீயளா?" என்றார். வந்தேன். ஆனால் பள்ளிவாசலுக்கு எதிரே சாலையிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். காரணத்தை உங்களில் சிலர் கேட்டீர்கள். அதை எழுதுகிறேன்.

என் ஜீப்பின் கூரைமேல் கூடாரத்தை அவர் பொருத்தித் தந்தது 2024 செப்டம்பர் 14, சனிக்கிழமை. வரைபடம் போடும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நான் அளவுகளையெல்லாம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவரோ முதலில் வண்டியின் கையேட்டைக் கேட்டார். ஓடும்போது கூரை எவ்வளவு எடை தாங்கும் என்று அதில் பார்த்து, கூடாரத்தின் எடையோடு அதைத் தாங்கும் குறுக்குக் கம்பிகளின் எடையையும் கூட்டிய பிறகே ஏணியில் ஏறினார். கூடாரத்தைக் கம்பிகளோடு பிடித்து வைக்கும் நான்கு கவ்விகளையும் மூலைக்கு மூலை மாற்றி, சிறிது சிறிதாக இறுக்கினார். பிறகு கூடாரத்தை இரு கைகளாலும் பிடித்து உலுக்கினார். "உலுக்குனா வண்டியே சேந்து ஆடணும் அண்ணாச்சி. டெண்டு தனியா ஆடுச்சுன்னா வண்டிய எடுக்கப்பிடாது. தும்முனாக்கூட நோட்டுல எழுதுதீயள்லா, இதையும் எழுதிக்கிடுங்க. அம்பது கிலோமீட்டர் ஓடுனதும் மறுபடி இறுக்கணும்." எழுதிக்கொண்டேன். இறுக்கவும் செய்தேன்.

நவம்பர் 3 அன்று நாகலாபுரம் பக்கம் மழையில் சிக்கினோம். சேற்றுக் காலோடு நான் கூரைக்கு ஏறி இறங்கியதில் கவ்விகளிலும் கரிசல் அப்பிக்கொண்டது. மறுநாள் மாலை வண்டியைக் கழுவியபோது அது கண்ணை உறுத்தியது. நான்கையும் கழற்றித் துடைத்து, திரும்பப் பூட்டினேன். கம்பியின் அடிப்பக்கத்தில் படிந்திருந்த ஈரமண்ணை நான் பார்க்கவில்லை, அதன்மேலேயே முறுக்கிவிட்டேன். உலுக்கினேன், உறுதியாக இருந்தது. ஈரக் கரிசல் காய்ந்தால் சுருங்கும், அதன்மேல் இறுக்கிய பிடி தளரும் என்பது எழுபத்தொரு வருடம் இந்த மண்ணில் வாழ்ந்தவனுக்குத் தெரியாததல்ல.

நவம்பர் 10, நம் குழுப் பயணம், விளாத்திகுளம் சாலை, வேகத்தடை. கூடாரம் பின்னுக்குச் சரிந்து தொங்கியது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த கணவனும் மனைவியும் ஓரத்துப் பள்ளத்தில் இறங்கித் தப்பினார்கள். "யோவ் பெரியவரே! வீட்டத் தூக்கித் தலையில வச்சிக்கிட்டு வாரீரே, ஒழுங்கா மாட்டத் தெரியாதா? எம் பொண்டாட்டி மண்டை போயிருக்கும்!" என்று அவர் கத்தினார். "பட்டறைக்காரர் செய்த வேலை" என்றேன், உங்கள் அனைவர் முன்னிலையிலும்.

தகவல் அறிந்து மைதீன் பாய் ஆட்டோ பிடித்து வந்தார். கவ்வியைத் திறந்தார். ரப்பருக்கும் கம்பிக்கும் நடுவே கரிசல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. இறுக்கிய கவ்விக்குள் அவ்வளவு மண் புகாது. யாராவது கழற்றி மாட்டியிருந்தால்தான் உண்டு. விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "கழுவுததுக்குக் கழட்டுனீயளா அண்ணாச்சி?" என்றார்.

"இல்லை" என்றேன்.

"சரி. அப்பம் எங் கைத்தப்புதான்" என்றார். மண்ணைக் கைலியில் துடைத்துக்கொண்டு, உங்களிடமும் வந்து அதையே சொன்னார்.

மறுநாள் சுற்றறிக்கை எண் 39 எழுதினேன். அந்தப் பட்டறையில் இனி வேலை கொடுக்க வேண்டாம் என்பது அதன் மூன்றாம் பத்தி. நீங்களும் போகவில்லை. ஜனவரி 20, திங்கட்கிழமை, தேநீர்க்கடையில் அவரைச் சந்தித்தேன். "நம்ம குரூப்பு ஆளுக ஒருத்தரையும் பட்டறைப் பக்கம் காணல. எல்லாரும் சொகமா இருக்காவளா?" என்றார். சுகம் என்றேன். உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு அது.

நேற்று அவர் வீட்டுக்குப் போய், கழற்றியது நான்தான் என்றேன். திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி சொன்னார்: "அவிய அன்னைக்கே சொன்னாவ அண்ணாச்சி. பெரிய மனுசன், நாலு பேரு முன்னால எப்படிச் சொல்லுவாவ, ஒருநாள் அவியளே வந்து சொல்லுவாவன்னாவ."

பட்டறையை இப்போது அவர் தம்பி நடத்துகிறார். நீங்கள் அங்கே போக வேண்டும். என்னிடம் எஞ்சியிருப்பது மைதீன் பாய் தாழ்ந்த குரலில் கேட்ட அந்த ஒரு கேள்வி. அதற்கு என் பதில்: ஆம், கழற்றினேன்.

இணைப்புகள்:
1. என் நாட்குறிப்பில் 2024 நவம்பர் 4ஆம் தேதிப் பக்கத்தின் நகல். "கவ்விகள் நான்கும் கழற்றித் துடைத்துப் பூட்டப்பட்டன" என்ற வரி என் கையெழுத்தில் உள்ளது.
2. சுற்றறிக்கை எண் 39, குறுக்கே கோடிட்டு ரத்து செய்யப்பட்டது.
3. குழுச் செயலாளர் பொறுப்பிலிருந்து நான் விலகும் கடிதம்.