படகுகள் கரையேறட்டும் என்றவள்

செய்தி வந்தபோது அனுப்பம்பட்டில் மின்சார ரயிலுக்காக நின்றிருந்தேன். "கலை நம்மள வுட்டுட்டுப் பூட்டாடா" என்றான் டேவிட் போனில். சாதாரணக் காய்ச்சல், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிடுவாள் என்றுதான் இருந்தோம். ரயில் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

கலைவாணி கோட்டைக்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண். பொன்னேரிப் பக்கம் கல்லூரியில் படித்தபோது எங்கள் ராக்கெட் அணிக்குத் தலைவி. டேவிட்டுக்கு எரிபொருள் தொட்டிகள், எனக்கு வால்வுகள். திரவ எரிபொருள் இயந்திரம் செய்யப்போவதாக அவள் சொன்னதும் பேராசிரியரே தயங்கினார். திட எரிபொருள் எளிதாயிற்றே என்றார். "அதக் கொளுத்திட்டா அப்பால நம்ம பேச்சக் கேக்காது சார். இத நடுவுல நிறுத்தலாம்" என்றாள். அந்த ஒரு காரணத்துக்காக இரண்டு வருடம் எங்களைப் பாடாய்ப் படுத்தினாள். கோபக்காரி. எரிபொருளைப் பீய்ச்சும் ஊசித்துளை சரியில்லை என்று நான் கடைந்து கொடுத்த பாகத்தை ஒருமுறை குப்பையில் வீசினாள். மறுநாள் அவளே பக்கத்தில் உட்கார்ந்து புதிதாய்ச் செய்யவைத்தாள்.

இயந்திரத்தைத் தரையில் இறுகக் கட்டி எரித்துப் பார்க்க ஆளில்லாத இடம் வேண்டும். அவள் ஊர்க்காரர்கள் மீன்பிடிக்கும் ஏரியோரம் அவள் சித்தப்பாவின் தரிசு நிலம் இருந்தது. ஊர்க்கூட்டத்தில் அதைக் கேட்டபோது முதலில் எதிர்த்தவர் அவள் அப்பாதான். "ராக்கெட்னா எனக்கு இன்னா தெரியும்? அத வுடற அன்னிக்குக் கடலுக்குப் போவாதன்னு சொல்வாங்க. வலைய மடிச்சி வெச்சிட்டு வூட்ல குந்தினு இருப்பேன். இப்போ ஏரியையும் மூட வந்தியா?" என்றார்.

"மூட மாட்டேன் நைனா. ஒரு படகு தண்ணில இருந்தாலும் கொளுத்த மாட்டேன்" என்றாள். அந்த வார்த்தையை நம்பி ஊர் ஒப்புக்கொண்டது.

சோதனை நாளன்று விருந்தினர்கள் வந்து பந்தலில் உட்கார்ந்துவிட்டார்கள். எரிபொருளும் அதை எரியவைக்கும் வாயுவும் தொட்டிகளில் நிரம்பிவிட்டன. வெயிலில் அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. காத்திருக்க முடியாது, எரிக்க வேண்டும், இல்லையென்றால் வாயுவை வெளியேற்ற வேண்டும். வெளியேற்றினால் மறுபடி நிரப்பக் கையிருப்பு கிடையாது. அந்த நேரத்தில்தான் நாணல் மறைவிலிருந்து ஒரு படகு வந்தது. மழைக்குப் பிறகு இறால் நன்றாகப் பட்டதால் தாமதமாகத் திரும்பியிருக்கிறார்கள்.

"தூரத்துலதான இருக்கு கலை, பத்து நொடி வேலை!" என்று கத்தினான் டேவிட்.

"நாம கொளுத்தப்போறது அவங்களுக்குத் தெரியாதுடா. தொறந்து வுடு."

வால்வைத் திறந்தேன். வெண்புகை சீறி வெளியேறியது. விருந்தினர்கள் கார்களுக்குப் போனார்கள். திரும்பும் பேருந்தில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தேற்றப் போனவர்களைத் திட்டினாள்.

மறுபடி வாயு கிடைத்துத் தேதி வைத்த அன்று, நாங்கள் போவதற்கு முன்பே அவள் அப்பா கரையில் நின்றிருந்தார். ஒவ்வொரு படகையும் அவரே பார்த்துக் கரையேற்றியிருக்கிறார். "எல்லாம் ஏறிச்சி. கொளுத்தும்மா" என்றார். அவரையும் மணல்மூட்டைகளுக்குப் பின்னால் எங்களோடு உட்காரவைத்தோம்.

நெருப்பு நேராக, நீலமாக நின்றது. தரையின் அதிர்வு நெஞ்சுவரை எட்டியது. அவள் பொத்தானை அழுத்தினாள், அணைந்தது.

"இன்னாம்மா, அவ்ளோதானா?" என்றார் அப்பா.

"அவ்ளோதான் நைனா. நிறுத்துனேன், நின்னுச்சி பாத்தியா!" என்று அவர் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவள் அடக்கத்துக்குக் கல்லூரியின் இப்போதைய ராக்கெட் அணியினரும் வந்திருந்தார்கள். எங்களுடையதைவிடப் பெரிய இயந்திரம் ஒன்றை அவர்கள் தயார் செய்திருக்கிறார்கள். சோதனையைத் தள்ளிப்போடலாமா என்று கேட்க வந்தவர்களிடம் அவள் அப்பா, "எதுக்குத் தள்ளிப் போடணும்? எடம் அங்கதான் இருக்குது" என்று சொல்லிவிட்டார்.

அவளுடைய திறமையில் பாதிகூட எனக்குக் கிடையாது. ஆசைப்பட்டது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதும் ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன். வரும் சோதனைக்கு ஜூனியர்கள் என்னை வால்வுப் பக்கம் கூப்பிட்டார்கள். வேண்டாம், ஏரியைப் பார்த்து நிற்கும் வேலையைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன்.