நொரீன் ஸ்டீகலின் ஆயிரம் மணி நேரம்

காலை ஏழரைக்கு ஜூனி கணக்குப் புத்தகத்தைத் திறந்ததும் அவள் அம்மா நொரீன், முட்டை வேகவைக்க வாங்கிய டைமரை முடுக்கிவிடுவாள். நாயை வெளியே விடப் பிள்ளை எழுந்தால் டைமர் நிற்கும். ஜன்னலுக்கு வெளியே மான் வந்து நின்று, அவள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாலும் நிற்கும். ஒரு மணிக்குப் பாடம் முடிந்ததும் நொரீன் பேனாவை எடுத்து நோட்டில் எழுதுவாள்: கணக்கு 52 நிமிடம், வாசிப்பு 41, அறிவியல் 38.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் ஜூலை தொடங்கி ஜூன் முடிய ஆயிரம் மணி நேரம் பாடம் நடக்க வேண்டும். அதில் அறுநூறு மணி கணக்கு, வாசிப்பு, மொழி, அறிவியல், சமூகப் பாடம் இந்த ஐந்துக்குள் அடங்க வேண்டும். எழுதி வைத்ததைச் சும்மா யாரும் வந்து பார்ப்பதில்லை, புகார் வந்தால்தான் பார்ப்பார்கள். அதனால் அவர்கள் இருந்த மலைப்பக்கத்தில் பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரே மூச்சில் ஒரு வாரத்தை எழுதித் தள்ளிவிடுவார்கள்.

பக்கத்து நிலத்து லவானும் அப்படித்தான். அவளுக்கு நான்கு பிள்ளைகள், நான்கும் வீட்டில்தான் படித்தன. நொரீன் முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கிற வேலைக்குப் போகிற மத்தியான நேரங்களில் ஜூனியும் அவள் வீட்டில்தான் இருப்பாள்.

"ஒரு கேக் பண்ணுடி," என்பாள் லவான். "மாவு அளந்தது கணக்கு. அது உப்பி வந்தது அறிவியல். செய்முறையைப் படிச்சது வாசிப்பு. ஒரே கேக்குல மூணு மணி நேரம். தின்னதைக்கூட உடற்பயிற்சில போட்டுடலாம்."

"என்னால முடியாது லவான்."

"நிமிஷம் நிமிஷமா எழுதுறியே, மேல போனதும் கடவுள் உன் நோட்டைத்தான் முதல்ல கேக்கப் போறாராக்கும்."

நொரீன் சிரிக்கமாட்டாள். அவளுக்கு வேறொரு நோட்டு தெரியும். அவளும் வீட்டில் படித்தவள்தான். அவள் அம்மா வருஷா வருஷம் ஆயிரம் மணி எழுதினாள், ஒரு மணிகூடச் சொல்லித் தரவில்லை. இலையுதிர் காலம் முழுக்கப் பிள்ளைகள் கறுப்பு வால்நட் கொட்டை பொறுக்கித் தோல் உரிப்பார்கள், விரலெல்லாம் கறையாக. நோட்டில் அது 'தாவரவியல்' என்று இருக்கும். பத்தொன்பது வயதில் தீவனக் கடையில் வேலைக்குச் சேர்ந்த நொரீனிடம் முதலாளி முக்கால் மூட்டையில் பாதி எவ்வளவு என்று கேட்டார். அவள் விழித்துக்கொண்டு நின்றாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பின்னங்களை அவள் கற்றுக்கொண்டது இருபத்து மூன்று வயதில், கல்யாணமும் ஆன பிறகு, மாலை வகுப்பில்.

அப்படிப்பட்டவள் மகளை வீட்டில் வைத்துப் படிப்பிக்கத் துணிந்ததற்குக் காரணம் ஜூனியின் திக்குவாய். நான்காம் வகுப்பில் பெயர் சொல்லச் சொன்னால் ஜூனிக்கு 'ஜூ'விலேயே நின்றுவிடும். மற்ற பிள்ளைகள் அதை ரயில் வண்டிச் சத்தமாக்கி விளையாடினார்கள். அவள் பள்ளியில் சாப்பிடுவதை நிறுத்தினாள். எடை குறைந்தது. நொரீன் கிறிஸ்துமஸ் விடுமுறையோடு அவளை நிறுத்திக்கொண்டாள். வீட்டில் நாளாக நாளாகப் பேச்சு இளகியது. நாய்க்குக் கதை சொல்லும்போது திக்கவே திக்காது.

பிரிந்து போன கணவன் ராண்டலுக்கு இது பிடிக்கவில்லை. அவன் கெட்டவன் இல்லை. இரண்டு மணி நேரத் தொலைவில் வேறு ஊரில் புது மனைவியோடு இருந்தான். "அவளை ஒளிச்சு வைக்கிற நொரீன்," என்பான். "உலகத்தைப் பாக்காம எப்படி வளருவா?"

"ஒளிச்சு வைக்கல. மூச்சு விட வைக்கிறேன்."

மூன்றாவது வருஷம் பிப்ரவரியில் நொரீனுக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல் வந்து மூன்று வாரம் படுக்கையை விட்டு எழவில்லை. பன்னிரண்டு வயது ஜூனி டப்பா சூப்பைச் சூடாக்கிக் கொடுத்தாள், விறகடுப்பைப் பார்த்துக்கொண்டாள், அம்மாவின் நெற்றியில் ஈரத்துணி போட்டாள். நோட்டில் பதினைந்து நாள் வெறுமையாகக் கிடந்தது.

எழுந்த பிறகு நொரீன் நேரத்தைப் பிடிக்க ஓடினாள். சனிக்கிழமையும் பாடம். "போதும்மா, கை வலிக்குது" என்று ஜூனி கெஞ்சினாலும் டைமர் ஓடியது. முன்பு சிரித்துக்கொண்டு போட்ட கணக்கை இப்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போட்டாள். அது நொரீனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ராண்டல் அதற்குள் வழக்குப் போட்டிருந்தான்: பிள்ளை தன்னிடம் இருக்க வேண்டும், பள்ளிக்குப் போக வேண்டும். விசாரணை ஜூலை இரண்டாம் வாரம். வருஷக் கணக்கு நோட்டைக் கொண்டுவரச் சொல்லி நீதிமன்றத்திலிருந்து காகிதம் வந்தது.

ஜூன் முப்பதாம் தேதி கூட்டிப் பார்த்தாள். மொத்தம் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. ஐந்து பாடங்களில் ஐந்நூற்று நாற்பத்தொன்று.

லவான் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பிப்ரவரியில ஒரு வரி கூட இல்லையே. அவ சூப் வெச்சாளே, உன்னைப் பாத்துக்கிட்டாளே. அதெல்லாம் பாடம் இல்லையா?"

"பயந்து போய்ச் செஞ்சாடி அதெல்லாம். நான் செத்துருவேன்னு நினைச்சுச் செஞ்சா. அதைப் பாடம்னு எழுதச் சொல்றியா?"

"எழுதாட்டி அவளைக் கூட்டிட்டுப் போயிருவாங்க," என்றாள் லவான். அந்த ஒரு தடவை அவள் கேலி செய்யவில்லை.

மறுநாள் மத்தியானம் ஜூனி லவான் வீட்டில் இருக்கும்போது நொரீன் வேலைக்குப் போகாமல் நோட்டோடு உட்கார்ந்தாள். பதினைந்து நாள், நாளுக்கு ஆறு மணி. நான்கு மணி ஐந்து பாடங்களில், இரண்டு மணி மற்றவற்றில். தொண்ணூறு மணி சேர்ந்தது. மொத்தம் ஆயிரத்து இரண்டு, அறுநூற்றொன்று. எழுதி முடிக்கப் பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அம்மாவுக்கு இது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. எழுந்து போய்த் தொட்டியில் விரலில் ஒட்டிய மையைத் தேய்த்துக் கழுவினாள்.

பிள்ளையின் சார்பில் பேச நீதிமன்றம் ஒரு வக்கீலம்மாவை நியமித்திருந்தது. அன்பான மனுஷி. வீட்டுக்கு வந்து, ஜூனியை வராந்தாவில் உட்கார வைத்துப் பேசினாள். நொரீன் உள்ளே பாத்திரம் கழுவுகிற மாதிரி நின்றாள்.

"நோட்டெல்லாம் ரொம்ப ஒழுங்கா இருக்கு. அம்மா தினமும் எழுதுவாங்களா?"

"ஆ-ஆமா. நான் நாயைப் பாக்கப் போனாக்கூட நிறுத்திருவாங்க. ஒரு நிமிஷம் கூ-கூட்டி எழுதமாட்டாங்க." குரலில் பெருமை இருந்தது.

வக்கீலம்மா பக்கங்களைப் புரட்டினாள். "பிப்ரவரியில தினம் ஆறு மணி நேரமா? நல்லாப் படிச்சிருக்கியே."

"பிப்ரவரியிலயா?" ஜூனி எட்டிப் பார்த்தாள். "அப்ப அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. படுத்தே கிடந்தாங்க. நான் சூப் வெச்சுக் கொடுத்தேன்." விரலை அந்த வரிகள்மேல் ஓட்டினாள். "வேற ஏதோ மாசத்தை மா-மாத்தி எழுதியிருப்பாங்க."

உள்ளே நொரீன் கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.

விசாரணை நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. ராண்டலின் வக்கீல் குரலை உயர்த்தவே இல்லை. "இந்தப் பதினைஞ்சு நாள் நிஜமாங்க?"

"இல்லைங்க."

"அப்போ மத்த நாளெல்லாம்?"

"நிஜம். ஒவ்வொரு நிமிஷமும் நிஜம்."

"அதை நாங்க எப்படித் தெரிஞ்சுக்கிறது, சொல்லுங்க."

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஆபரேஷன் ஆனதை மறைக்காமல் எழுதியிருந்தால் நானே அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருப்பேன், தொள்ளாயிரத்துப் பன்னிரண்டைப் பார்த்து யாரும் ஒரு தாயைத் தண்டிக்கமாட்டார்கள் என்று சொன்னார். அதுதான் அவளை உடைத்தது. பிள்ளை அப்பாவோடு இருக்க வேண்டும், ஆகஸ்டிலிருந்து பள்ளிக்குப் போக வேண்டும், ஒன்று விட்டு ஒரு வார இறுதியில் அம்மாவிடம் வரலாம் என்று தீர்ப்பு.

துணிகளை அடுக்கும்போது ஜூனி கேட்டாள்: "நான் சொன்னதாலயாம்மா?"

"இல்ல கண்ணு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

ஜூனி கையிலிருந்த சட்டையை விரித்தாள், மறுபடி மடித்தாள். "அ-அப்ப நீ ஏன்மா அப்படி எழுதுன?"

நொரீன் பெட்டியை மூடப் போனாள். பெட்டியின் ஜிப் மாட்டிக்கொண்டது, இருவரும் சேர்ந்து இழுத்தார்கள்.

பள்ளி தொடங்கி இரண்டு மாதத்தில் ஜூனியின் பேச்சு பழையபடி திக்க ஆரம்பித்தது. தொலைபேசியில் 'ம்' மட்டும் சொன்னாள். ராண்டலே ஒரு நாள் கூப்பிட்டு, "உன் வீட்லயும் இப்படித்தான் இருப்பாளா? சாப்பாட்டையும் அப்படியே திருப்பிக் கொண்டுவர்றா" என்றான். அவன் குரலில் வெற்றி எதுவும் இல்லை, பயம்தான் இருந்தது. "கொஞ்ச நாள் பொறுத்துப் பாப்போம்" என்று தானே சொல்லிக்கொண்டு வைத்துவிட்டான்.

நொரீன் தன் வக்கீலிடம் போய்க் கேட்டாள், மறுபடி மனுப் போட முடியுமா என்று. அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார்: "போடலாம்மா. ஆனா முதல்ல அந்த நோட்டைத்தான் எடுத்து வைப்பாங்க. நீங்க என்ன சொன்னாலும் யாரும் நம்பமாட்டாங்க."

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை ராண்டலின் வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள். ஜூனி இறங்கவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஏதோ சொல்ல வந்து, முதல் எழுத்திலேயே நின்று, தோளைக் குலுக்கிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

நொரீன் முதியோர் இல்லத்தில் சொல்லிக் காலை வேலைக்கு மாறிக்கொண்டாள். முன்பு டைமர் ஓடிய அந்த வேளையில் இப்போது அவள் வீட்டில் இருக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.