என் பெனலுக்கு மட்டும் இரும்புக் கால்

எங்கள் அரசாங்கக் கந்தோரில் எஞ்சினியர் என்றால் சிவில்தான். மற்றவர்களுக்கு முன்னால் இன்னொரு சொல்லை ஒட்ட வேண்டும். நான் கரண்ட் எஞ்சினியர். படித்தது அதே பல்கலைக்கழகம், அதே நாலு வருடம், பதவித் தரமும் அதேதான். ஆனாலும் வாசலில் யாராவது வந்து "எஞ்சினியர் இரிக்காரா?" என்று கேட்டால், கதிரையில் இருந்துகொண்டே "இல்ல, சைட்டுக்குப் போயிரிக்கார்" என்று நானே சொல்லியிருக்கிறேன். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

ஒரு வேலைக்கான வரைபடங்கள் மேசை மேசையாகச் சுற்றி வரும். முதலில் பெரிய சேர், அதாவது எங்கள் பிரதம பொறியியலாளர், கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகு மெக்கானிக்கல் மேசை. கடைசியாக நான். பெரிய சேர் பேனையால் எழுதுவார், நாங்கள் பென்சிலால் எழுதுவோம். எந்தச் சுற்றறிக்கையிலும் அப்படி ஒரு விதி கிடையாது. நான் சேர்ந்த முதல் மாதம் ஒரு படத்தில் சிவப்புப் பேனையால் இரண்டு வரி எழுதிவிட்டேன். படங்களை வரைந்து கொடுக்கிற படம் கீறுபவர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "என்ன சேர் இது, பேனையால எழுதி வெச்சிரிக்கீங்க. பெரிய சேர் பாத்தா என்ன நினைப்பார்?" என்றார். ஏதோ படத்தில் சாணியைப் பூசியதுபோல அவர் முகம் இருந்தது. அன்றிலிருந்து பென்சில்தான்.

படம் சுற்றி முடிந்து திரும்ப வந்ததும், பெரிய சேர் ஏற்றுக்கொண்ட குறிப்பை அவரே பேனையால் மேலெழுதுவார். ஏற்காததைப் படம் கீறுபவர் அழித்துவிட்டுச் சுத்தமான பிரதி எடுப்பார். ஆகவே எங்கள் கந்தோரில் எவரும் எவரையும் மறுத்துப் பேசியதற்கு எழுத்தில் ஒரு சான்றும் இல்லை. தலைமையகத்தில் எங்களுக்கு ஒற்றுமையான கந்தோர் என்று பெயர்.

பெரிய சேரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். என் மனைவிக்குத் தாய்வழியில் சொந்தம், எனக்கு மச்சான் முறை. கலியாண வீடுகளில் ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து, ஒரே சோற்றில் கை வைத்தவர்கள் நாங்கள். நல்ல இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளிவிடுவார். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குத் தன் காரில் என்னைக் கூட்டிப்போவார். பள்ளியில் தோளோடு தோள் முட்டி நிற்போம். திரும்பி வந்து கந்தோர்ப் படி ஏறியதும் அவர் எஞ்சினியர், நான் கரண்ட். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. படி ஏறும்போதே இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும்.

மெக்கானிக்கல் மேசைக்கு வந்தவள் பாண்டிருப்பு என்ற தமிழ் ஊர்ப் பிள்ளை. என்னைவிடப் பத்து வயது இளையவள். எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல என்னை நானா என்பாள், நான் அவளைத் தங்கச்சி என்பேன். ஒப்பந்த அடிப்படையில்தான் இருந்தாள். கையில் இருக்கிற வேலை முடிந்து ஒப்படைத்ததும் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அது தவறினால் அரசாங்க வேலைக்கு மனுப்போடும் வயதெல்லையை அவள் தாண்டிவிடுவாள். பிறகு எங்கேயும் நுழைய முடியாது. இதை அவள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். தேத்தண்ணிக்குச் சீனி போடுவதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

அந்த வேலை ஒரு பம்ப் வீடு. ஊருக்கு மேற்கே, வீடுகள் முடிந்து வயல் தொடங்கும் பள்ளத்தில், மாரியில் தேங்கும் தண்ணீரை இறைத்து ஆற்றில் விடுவதற்காக. கட்டடம் சிவிலுக்கு. பம்பும் மோட்டரும் அவளுக்கு. அவற்றை இயக்கும் மின்பெட்டி, எங்கள் வாயில் பெனல், எனக்கு. மூன்றும் ஒரே அறையில்.

அறையின் தரை எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. பெரிய சேர் எங்கள் இரண்டு பேரையும் சைட்டுக்குக் கூட்டிப்போனார். பக்கத்து வளவின் மதிலில் போன மாரியின் வெள்ளக் கறை தெளிவாக இருந்தது. அதன்மேல் கையை வைத்து, "இதான் மட்டம். இதுக்கு மேல அரையடி வெச்சாப் போதும்" என்றார்.

"சேர், போன வருசம் முகத்துவாரத்த நேரத்தோட வெட்டிட்டாங்க," என்றாள் அவள். "அதான் தண்ணி இவ்வளவோட நிண்டது. வெட்டப் பிந்தினா இந்தக் கறைக்கு மேல ரெண்டடி வரும். அப்பாட வயல் இதுக்குக் கிட்டத்தான். சின்னதில இருந்து பாத்திருக்கன்."

அவள் சொன்னது சரி. ஆறு கடலில் சேரும் இடத்தை மணல் மூடிக்கொள்ளும். அதை வெட்டிவிட்டால் வெள்ளம் ஒரே நாளில் வடியும். வெட்டாவிட்டால் ஊருக்குள் ஏறும். எப்போது வெட்டுவது என்பதைத் தீர்மானிப்பது மழை அல்ல, கூட்டம். வயல்காரர் வெட்டச் சொல்வார்கள், மீன்பிடிக்கிறவர்கள் பொறுக்கச் சொல்வார்கள். எங்கள் கரையில் பிறந்த எவருக்கும் இது தெரியும். பெரிய சேருக்கும் தெரியும். ஆனால் அவர் மட்டத்தைச் சொல்லி முடித்துவிட்டார்.

சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னார். "தங்கச்சி, பம்ப் உங்கட பாடம். தண்ணி எங்கட பாடம்."

பிறகு என்னைப் பார்த்தார். "என்ன மச்சான்?"

"ஓம்" என்றேன். எதற்கு ஓம் என்று எனக்கே தெரியாது. மரத்துப்போன காலை நகர்த்துவதுபோல அந்தச் சொல் தானாக வந்தது.

இரண்டு கிழமை கழித்துப் படம் என் மேசைக்கு வந்தது. பம்ப் அறையின் வெட்டுமுகத்தில், தரைக்கோட்டுக்குப் பக்கத்தில், அவள் எழுத்து: தரையை இரண்டடி உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் மோட்டர்கள் தண்ணீரில் தாழும். பென்சிலில், சின்னதாக, நேராக. கீழே அவள் கையெழுத்து மட்டும் பேனையில். பெரிய சேரைத் தவிர, அந்தக் குறிப்பைக் கடைசியாக வாசித்தவன் நான். படம் கீறுபவர் அழிப்பதற்காகக் கண்டிருப்பார், வாசித்திருக்க மாட்டார்.

நான் என்ன செய்தேன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். அவள் எழுதியதற்குக் கீழே "நானும் உடன்படுகிறேன்" என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. என் பெனலுக்கு மட்டும் இரண்டரை அடி உயர இரும்புக் கால் ஒன்று வரைந்தேன். கீழே கூட்டித் துடைக்க வசதி என்று காரணம் போட்டேன். தரையை யாரும் தொடவில்லை, சிவிலின் மட்டத்தை யாரும் கேள்வி கேட்கவில்லை, ஆகவே பெரிய சேர் அதைப் பேனையால் மேலெழுதினார். "துப்புரவுல உமக்கு இவ்வளவு கவனமா?" என்று பகிடியும் விட்டார். நானும் சிரித்தேன். பம்புக்கு அப்படிக் கால் வைக்க முடியாது. அது தரையில்தான் இருக்க வேண்டும், பள்ளத்துத் தண்ணீரை உறிஞ்சும் குழாய் அங்கேதான் வருகிறது. அவளுக்குத் தரையைத் தவிர வேறு வழி இல்லை என்பதை நான் நன்றாக அறிவேன்.

கெட்டித்தனம் என்றுதான் அன்று நினைத்தேன். மற்றவன் சோலியில் தலைபோடாமல் என் சோலியைப் பார்த்துக்கொண்டேன் என்று.

கட்டி முடித்த பம்ப் வீட்டை ஒப்படைக்கும் முன்பே அடுத்த மாரி வந்தது, மழை விடாமல் பெய்தது. முகத்துவாரத்தை வெட்டுவதா இல்லையா என்று கூட்டம் மேல் கூட்டமாக நாலு நாள் இழுபட்டது. ஐந்தாம் நாள் காலை நான் டிரான்ஸ்போமரில் கரண்டை வெட்டச் சொல்லிவிட்டுப் பம்ப் வீட்டுக்குள் இறங்கினேன். தண்ணீர் முழங்காலுக்கு மேல். மோட்டர் இரண்டும் உள்ளே மூழ்கிக் கிடந்தன. பெனலின் கதவைத் திறந்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. அப்போது எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். வெளியே அயல் வீட்டுப் பெண்கள் மெத்தைகளை மதிலில் தூக்கிப் போட்டுக்கொண்டு நின்றார்கள். தங்கச்சி சாரியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலில் தண்ணீருக்குள் நின்று மோட்டர்கள் இருந்த இடத்தையே பார்த்தாள்.

விசாரணைக்குத் தலைமையகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மூவரும் சிவில். எங்கள் கூட்ட அறையில் மெத்தைக் கதிரைகள் நாலுதான், அவர்கள் மூவரும் பெரிய சேரும் அவற்றில் இருந்தார்கள். நானும் அவளும் பிளாஸ்டிக் கதிரையில்.

"தரைய ரெண்டடி உயர்த்தணும் எண்டு நான் படத்தில எழுதினனான் சேர்," என்றாள் அவள்.

நடுவில் இருந்தவர் படத்தை விரித்தார். சுத்தமான பிரதி. "இது உங்கட கையெழுத்துத்தானே?"

"ஓம்."

"அப்ப குறிப்பு எங்க?"

"பென்சில்ல எழுதின."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இவ்வளவு முக்கியமான விசயத்த யாராவது பென்சில்ல எழுதுவாங்களா?"

அவளால் என்ன சொல்ல முடியும்? எங்கள் கந்தோரில் பென்சிலால்தான் எழுத வேண்டும் என்றால், யார் சொன்னது என்று கேட்பார்கள். யாரும் சொல்லவில்லை. பெரிய சேர் கோப்பையில் மிஞ்சியிருந்த தேத்தண்ணியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவில் இருந்தவர் என் பக்கம் திரும்பினார். "மோட்டர் ரெண்டும் போயிட்டு. உங்கட பெனல் மட்டும் தப்பியிரிக்கி. அதுக்குக் கால் வைக்கணும் எண்டு உங்களுக்கு எப்படித் தோணின?"

அவ்வளவுதான் கேள்வி. தங்கச்சி எழுதிய குறிப்பை வாசித்தேன், அதனால் வைத்தேன். ஒரே வசனம். அதைச் சொல்லியிருந்தால் குறிப்பு இருந்தது என்று ஆகியிருக்கும். யார் அதை அழித்தது, ஏன் அழித்தது என்று விசாரணை அந்தப் பக்கம் போயிருக்கும். அவளும் என்னைப் பார்த்தாள். கெஞ்சிப் பார்க்கவில்லை. நான் சொல்லத்தான் போகிறேன் என்பதுபோலப் பார்த்தாள்.

"கீழால கூட்டித் துடைக்க லேசு எண்டுதான் சேர்," என்றேன்.

"எப்படியோ, நல்ல முன்யோசன," என்று அவர் எழுதிக்கொண்டார். நான் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய் மீன்குழம்பும் சோறும் வயிறு நிறையத் தின்றேன். மனைவி என்ன நடந்தது என்று கேட்டாள். ஒண்டும் நடக்கல்ல என்றேன்.

அறிக்கை வந்தது. மின்பிரிவு காட்டிய முன்யோசனையை இயந்திரப்பிரிவு காட்டத் தவறியது என்று ஒரு வரி இருந்தது. என் இரும்புக் காலை எடுத்தே அவளை அடித்துவிட்டார்கள். பெரிய சேரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவளுடைய ஒப்பந்தத்தை நீடிக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகும் வழியில் பெரிய சேர், "பாவம், கெட்டிக்காரப் புள்ள. நம்மளால என்ன செய்ற மச்சான்," என்றார். உண்மையான கவலையோடுதான் சொன்னார். நான் "ஓம்" என்றேன். பள்ளியில் எப்போதும்போல அவருக்குப் பக்கத்தில் நின்று தொழுதேன். என்ன ஓதினேன் என்று ஞாபகம் இல்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு முற்பகல், சேவைக் கடிதம் வாங்க அவள் வந்தாள். ஒரு தனியார் கம்பனிக்கு மனுப்போடப் போவதாகச் சொன்னாள். பெரிய சேர் கொழும்பில். அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் அதிகாரம் அன்று என்னிடம் இருந்தது. நேர்மையானவர், திறமையானவர், பொறுப்புணர்ச்சி மிக்கவர் என்றெல்லாம் அடிக்கச் சொல்லி, முத்திரை குத்திக் கொடுத்தேன். அவள் நின்றபடியே முழுவதையும் வாசித்தாள்.

"இரிங்க தங்கச்சி, தேத்தண்ணி சொல்றன்."

"வேணாம் நானா. பஸ்ஸுக்கு நேரமாகுது." கடிதத்தை மடித்துக்கொண்டே சொன்னாள். "ஒண்டு கேக்கட்டா? அண்டைக்கு விசாரணையில நீங்க உள்ளதச் சொல்லியிருந்தா, உங்களுக்கு என்ன நடந்திருக்கும்?"

கோபமே இல்லாமல் கேட்டாள். தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல. ஆகவே நானும் உண்மையாகவே யோசித்தேன். நான் நிரந்தரம், என்னை நிறுத்த முடியாது. இந்த வயதில் இடமாற்றமும் தரமாட்டார்கள். பெரிய சேர் இரண்டு மூன்று மாதம் முகம் கொடுத்துக் கதைத்திருக்க மாட்டார். மனைவி வீட்டார் ஏதாவது ஒரு கலியாணத்தில் முகத்தைத் திருப்பியிருப்பார்கள். நோன்புப் பெருநாள் வந்தால் அதுவும் முடிந்திருக்கும். எவ்வளவு தேடியும் அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

"ஒண்டும் நடந்திருக்காது தங்கச்சி," என்றேன்.

அவள் கடிதத்தை இன்னொரு மடிப்பு மடித்தாள்.

"நானாக்கு ஏதோ பெரிய கரைச்சல் வந்திருக்கும், அதான் வாய் திறக்கல்ல எண்டு அம்மாக்குச் சொல்லி வெச்சிருக்கன்," என்றாள். "அவ உங்களத் திட்டுற நேரமெல்லாம் அதத்தான் சொல்றனான்."

கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.